செவிகொடுத்தல்

உடல் நோயுற்றான் ஒருவன் மருத்துவரை நாடிச் செல்கின்றான். அவர் நோயின் குறிகளை ஆராய்ந்து, அதற்குப் பெயரிட்டு, ஏற்ற மருந்தைக் கொடுக்கின்றார். அவர் சொற்படி மருந்துண்டு பத்தியங் காத்தலே நோயாளியின் கடமை. இம்முறையால் உலகம் அடைந்த நன்மை அளவிறந்தது. ஆயினும், உள்ளத்தின் நோவுக்கும் இம்முறை ஒன்றே போதுமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளெல்லாம் விடை தேடிய ஒருவரைப் பற்றியும், அவ்விடை எனக்கு விளங்கிய வகையைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

கார்ல் ராஜர்ஸ் என்னும் அப்பெரியார் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்தார். கல்லூரியில் முதற்கண் உழவுக்கல்வி பயின்றார். 1922இல் பீக்கிங் நகரில் கூடிய உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டிற்குச் சென்று மீண்டார். பின்னர் நியூயார்க்கில் இறையியல் கற்கத் தொடங்கி, அதனை விடுத்து உளநூலிற் புகுந்தார். ராச்செஸ்டர் நகரில், துன்புற்ற சிறுவர்க்கு உதவும் நிலையமொன்றில் 12 ஆண்டுகள் பணியாற்றினார்.

ஆங்கு நிகழ்ந்த ஒன்றை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அடங்காத மகனையுடைய தாயொருத்தி அவரிடம் வந்துகொண்டிருந்தாள். தாயின் வெறுப்பே மகனது முரட்டுத்தனத்திற்குக் காரணமெனக் கண்ட ராஜர்ஸ், அதனை அவளுக்கு உணர்த்தப் பன்முறை முயன்றார், பயன் விளையவில்லை. இம்முயற்சியை இத்துடன் விட்டுவிடலாமென இருவரும் இசைந்தனர். வாயில்வரை சென்றவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே உதவி செய்வதுண்டா என வினவினாள். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தன் இல்வாழ்வின் துயரமெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அதன்பின்னரே மெய்யான மாற்றம் தொடங்கிற்று, மகனும் நலமடைந்தான். எங்கே நோகின்றது, எத்திசையிற் செல்லவேண்டும் என்பவற்றை அறிந்தவர் துன்புறுவோரே என்பது ராஜர்ஸ் அன்று கற்ற பாடம்.

1942இல் தாம் வெளியிட்ட நூலில், தம்மிடம் வருவோரை ‘நோயாளி’ எனக் குறியாது, உதவியை நாடி வந்தவர் எனப் பொருள்படும் சொல்லால் அவர் குறித்தார். பெயர் மாறியது சிறிதெனினும் கருத்து மாறியது பெரிது. நோய்க்குப் பெயரிடுதலும் மருந்து விதித்தலும் அவர் முறையில் இல்லை. கேட்பவரிடம் மூன்று பண்புகள் வேண்டும் என்றார்: உள்ளும் புறமும் ஒத்திருத்தல், வந்தவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் உலகை அவர் கண்கொண்டே காணுதல். இவை அமைந்தவிடத்து மனிதன் தானே வளர்வான் என்பது அவரது துணிபு. நிலவறையிற் கிடந்த உருளைக்கிழங்குகள்கூடச் சிறு சாளரத்தின் ஒளியை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதைத் தாம் இளமையிற் கண்டதை அவர் நினைவுகூர்வதுண்டு.

இத்துறையை நாம் தமிழில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்கின்றோம். ஆறு என்பது வழி. பரிசில் பெற்ற பாணன் பெறாதானுக்கு வழிசொல்லி விடுத்தலைப் பழம்புலவர் ஆற்றுப்படை என்றனர். ராஜர்ஸோ, வழிகாட்டாமையையே தம் முறைக்கு முதற்பெயராக வைத்தார். இம்முரணின் பொருளை யான் நூலிற் கற்குமுன் வாழ்விற் கற்றேன்.

இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றகாலை என் தந்தையார் காலமானார். அதற்குமுன் ஓராண்டு அவர் பாயிற் கிடந்தார். விடுமுறைதோறும் அவரைத் தூக்கி அமர்த்துதலும் உடல் துடைத்தலும் என் பொறுப்பாயின. அவர் மறைந்தபின் என் உறக்கம் போயிற்று. மருத்துவர் மருந்து தந்தார். சில நாள் உறங்கினேன். உற்றார், “ஆண்பிள்ளை நீ, அம்மாவுக்குத் தைரியம் சொல்ல வேண்டாவா?” என்றனர். நண்பர், காலம் ஆற்றும் என்றனர். எல்லாம் அன்பினாற் கூறியவையே. ஆயினும் அவற்றுள் ஒன்றும் என்னைத் தீண்டவில்லை. என் நோவு இன்னதென அவருள் எவரும் அறியார்.

ஒரு மாலை விடுதிப் பொறுப்பாளராயிருந்த முதிய ஆசிரியர், “தம்பி, உன் அப்பாவைப் பற்றிச் சொல்லேன்” என்றார். யான் பேசினேன், இடையிடையே நின்றேன். அம்மௌனத்தை நிரப்ப அவர் முயலவில்லை. முடிவில், எவரிடமும் சொல்லலாகாதெனப் புதைத்திருந்தது வெளிவந்தது: “ஐயா, அப்பா போன அன்று எனக்கு முதலில் அழுகை வரவில்லை, அப்பாடா என்றிருந்தது.”

அவர் திடுக்கிடவில்லை, கடியவில்லை, எல்லார்க்கும் அப்படித்தான் எனத் தேற்றவுமில்லை. சிறிது நேரங்கழித்து, “அவ்வளவு களைத்துப் போயிருக்கிறாய், அதைச் சொல்லவும் ஓர் இடமில்லை” என்றார். என் தந்தைக்காக யான் அழுதது அன்றுதான்.

அவர் எனக்கு ஒரு வழியும் சொல்லவில்லை. நல்ல மகன் இன்னவாறே உணரவேண்டும் என்னும் நிபந்தனையை யானே என்மேற் சுமத்தியிருந்தேன். நிபந்தனையற்ற மதிப்பின்முன் அது தளர்ந்தது. தளரவே, வழி தானே புலப்பட்டது.

இதனால் மருத்துவம் வேண்டா என்பது என் கருத்தன்று. 1957 முதல் விஸ்கான்சினில், கடும் மனநோயுற்று மருத்துவமனையில் இருந்தோரிடையே ராஜர்ஸ் இம்முறையை ஆராய்ந்தார். எதிர்பார்த்த அளவு பயன் கிட்டவில்லை. மருந்தாலன்றித் தணியாத நோய்கள் உள. உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவானைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடன். ஆயின் ஒவ்வொரு துயரமும் நோயன்று. நோயுற்றோனும் நோய் மட்டும் அல்லன்.

ராஜர்ஸ் 1987இல் மறைந்தார். அவரது முறையை முற்றக் கற்க நெடிய பயிற்சி வேண்டும். அதன் முதற்படியோ நம் அனைவர்க்கும் எட்டுவது. கல்லூரியில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை; ஆசிரியர்க்கு அது தொழில், மாணவர்க்கு அது பழக்கம். அடுத்த கட்டிலில் ஒருவன் சில நாளாக வாய்திறவாதிருப்பின், அவனுக்கு அறிவுரை கூறுமுன் அவனருகில் அமர்ந்து ஒன்று கேட்போமாக. கேட்டபின் விடை வருந்துணையும் காத்திருப்போமாக.