அஸருக்கும் இஷாவுக்கும் நடுவில்

1996 மே 25ஆம் திகதி இலங்கையின் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். வரட்சியில் நீர்மின் நிலையங்கள் தடுமாறிய வருடம் அது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தினால் மின்சாரம் மிச்சப்படும் என்பது கணக்கு. அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006இல் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடுதான் பழைய இடத்துக்கு வந்தது. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுக்கொண்டே நாட்டில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் எங்கள் கிழக்குக் கரையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மட்டும் சூரியனோடு நின்றுகொண்டது. பன்னிரண்டு மணி அளவில் வந்த லுஹர் தொழுகை ஒரு மணி அளவில் வந்தது. முற்றத்து நிழல் அதே நிழல்தான். கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியவர்கள் தடுமாறினார்கள். தொழுகை நேரமான வக்தோடு வேலையைக் கட்டி வைத்திருந்தவர்களுக்கு அவ்வளவு தொந்தரவு இல்லை. நேரத்தை ஒழுங்குபடுத்துவது பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

நேர ஒழுங்கு பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் மணிக்கு ஒரு கட்டம் போட்ட அட்டவணை தருகிறார்கள். எட்டிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பத்து, எல்லாக் கட்டமும் ஒரே அளவு. நாங்கள் வாழும் நாள் அப்படிச் சம அளவில் வெட்டப்பட்டதில்லை. சுபஹிலிருந்து லுஹர் வரை ஏழு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் சொச்சம். அஸரிலிருந்து மஃரிப் வரை மூன்றுக்குச் சற்றுக் குறைவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒன்றேகால் மணித்தியாலம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க இந்த அளவுகள் பெரிதாக மாறுவதும் இல்லை. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைத் தொடாது. கொழும்புக்குக் கிழக்கே ஏறக்குறைய இரண்டு பாகை தள்ளி இருப்பதால் சூரியன் எங்களுக்கு ஏழெட்டு நிமிடம் முந்தி வருகிறது, முந்திப் போகிறது. நோன்பு காலத்தில் வானொலியில் கொழும்புக்கான மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது இங்கே கஞ்சிக் கோப்பை காலியாகியிருக்கும்.

அளவு வேறுபட்ட இந்தப் பங்குகளில் எதற்குள் எந்த வேலையை வைப்பது என்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. மருதமுனையில் தறியோடு வளர்ந்தவர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. என் உம்மா லுஹர் தொழுத கையோடு தறியில் இறங்குவார். சாரன் நெய்கிற கைத்தறி அது. காலில் மிதி, கையில் கயிறு, நாடா இடமும் வலமும் ஓடும் சத்தம் பின்வளவு வரைக்கும் கேட்கும். அஸர் பாங்கு சொன்னதும் எழுந்துவிட மாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் ஊடுநூலை முடித்து, அறுந்த பாவு இருந்தால் முடிச்சுப் போட்டு, அடுத்து நெய்யத் தேவையான நூலைக் குச்சிகளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுவார். பாதியில் விட்ட சாரனில் திரும்பி வந்து உட்காரும்போது தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. கை நேரே கயிற்றுக்குப் போகும். ஒரு வேலையை எங்கே நிறுத்துவது என்பதை அவ்வளவு கவனமாகச் செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. இன்று என் மேசையில் விடைத்தாள் திருத்தும்போதும் அதைத்தான் செய்கிறேன். எழுவதற்கு முன் அடுத்த கட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவை அதன் மேல் வைத்துவிடுகிறேன்.

வேலைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன நோர்த்கோட் பார்க்கின்சன், 1955இல் தன் கட்டுரையை எழுதியபோது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். கொடுக்கப்பட்ட நேரம் எவ்வளவோ, அவ்வளவுக்கும் வேலை ஊதிப் பெருக்கும் என்பது அவர் கண்டது. அரச நிர்வாகத்தை வைத்து அவர் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். ஏழு மணித்தியாலக் காலையில் வைத்த கடிதம் லுஹர் வரைக்கும் இழுபடும். அதே கடிதத்தை மஃரிபுக்குப் பிறகு எடுத்தால் இஷாவுக்கு முன் முடிந்துவிடும், ஏனென்றால் பாங்கு யாருக்காகவும் பிந்துவதில்லை. ஆகவே நீளக் காலையை மூளை முழுதாக வேண்டிய வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கணக்கு, எழுத்து, புதிய பாடம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வேலையை அந்தக் குறுகிய இடைவெளிக்குள் போடுங்கள்.

இந்த வக்துக் கணக்கில் ஒரு பலவீனமும் உண்டு. "அஸருக்குப் பிறகு வாங்க" என்பது எங்கள் ஊரில் மிகச் சாதாரணமான வாக்குறுதி. அது மூன்றரை மணியாகவும் இருக்கலாம், ஆறு மணியாகவும் இருக்கலாம். சொன்னவர் கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்க, கேட்டவர் திண்ணையில் உட்கார்ந்து மாலை முழுவதையும் கரைப்பார். தொழுத கையோடு வருகிறேன் என்று சொன்னால் அதே வக்து இறுக்கமான நேரமாகிவிடுகிறது. நான் அப்படித்தான் சொல்கிறேன், அப்படிச் சொல்லும்படி கேட்கவும் செய்கிறேன். மற்றவரைக் காக்க வைத்து அவருடைய நேரத்தைக் கழிக்கிறவர், தன் நாளை எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் அதை நல்ல ஒழுங்கு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒருவருடைய ஒழுங்கு மற்றவருடைய நேரத்தைத் தின்பதை 2022 மின்வெட்டுக் காலம் இன்னும் தெளிவாகக் காட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மின்வெட்டு அட்டவணையில் எங்கள் வலயத்துக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்கு வெட்டு என்பதை வீட்டுப் பெண்கள்தான் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கரண்ட் வரும் நேரத்துக்குள் மோட்டார் போட்டுத் தாங்கி நிரப்பி, தேங்காய் அரைத்து, பிள்ளைகளின் சீருடை அழுத்தி, போன்களுக்கு சார்ஜ் ஏற்றி, கேஸ் இல்லாத நாளில் விறகடுப்பும் பற்ற வைத்து, வக்தும் தவறாமல் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பட்டறையும் அதற்கு மேல் கற்றுத்தர முடியாது. ஆனால் அந்தத் திறமை முழுவதும் மற்றவர்களுடைய நாள் ஒழுங்காக நடப்பதற்கே செலவானது. அந்தப் பெண்களுக்கென்று ஒரு பங்கு நேரம் கூட மிஞ்சவில்லை. வாப்பாவின் நாள் வக்துக்கு வக்து அழகாக நடக்கிறது என்றால், வக்துக்கு இடையில் வரும் சோறும் தேத்தண்ணியும் யாருடைய நேரத்தில் ஆகின்றன?

நான் படிப்பிக்கும் ஏ.எல். வகுப்பில் இது நேரடியாகத் தெரிகிறது. பிள்ளைகள் வீட்டில் படிக்க மிகப் பொருத்தமான நேரம் மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் உள்ளது. சின்ன வயதில் ஓதிப் பழகிய நேரமும் அதுதான் என்பதால் உடம்பே புத்தகத்துக்கு முன் உட்காரும். அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகள் மேசையில் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் இராச்சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிறார்கள். அவர்கள் புத்தகத்தைத் திறப்பது எல்லாரும் சாப்பிட்டுக் கோப்பை கழுவிய பிறகு, கண் சொருகும்போது. அப்படியும் நல்ல பெறுபேறு எடுக்கிறார்களே என்று பெருமைப்படுவதை விட்டுவிட்டு, அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தை அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் கேட்கிறேன். இராச்சாப்பாட்டு வேலையை அஸருக்குப் பிறகு தொடங்கினால் மஃரிபுக்கு முன் கறி ஆகிவிடும். வெங்காயம் உரிக்கக் காக்காமாருக்கும் கை இருக்கிறது. தேத்தண்ணி வேண்டுமென்றால் வாப்பாமாரே கேத்திலை வைக்கலாம். சில வீடுகளில் தொடங்கியிருக்கிறார்கள். என் வீட்டில் மஃரிப் தொழுது வந்ததும் மகன் குசினிக்குப் போகிறான், மகள் மேசைக்குப் போகிறாள், ஓ.எல். முடியும் வரை இந்த முறை மாறாது என்று இருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.