மியூசியத்துல ஒரு ரோபோ!

நமக்கு ஊரு அத்திப்பட்டு. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல சைக்கிள் ஓட்டி வளர்ந்த பார்ட்டி. 'மெயின்ஃப்ரேம்ல இன்டர்ன்ஷிப்'னு சொன்னதும் ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க: "எல்லாரும் ஏ.ஐ. படிக்கிறப்ப, நீ ஏன்டா மியூசியத்துக்குப் போற?"

பதில் சொல்றேன், கேளுங்க. ஆட்டோமேட்டட் டேப் லைப்ரரியும் ஒரு குட்டி கன்டெய்னர் யார்டுதான். பெட்டிக்குப் பதில் கார்ட்ரிட்ஜ், கிரேனுக்குப் பதில் ரோபோ கை. 1987-ல ஸ்டோரேஜ்டெக் கொண்டுவந்த 'சைலோ'வுல சுமார் 6,000 கார்ட்ரிட்ஜ் அடங்கும். அத்தனைக்கும் கணக்குப்பிள்ளை, பேட்ச் ஜாப்கள்தான். 'ஆடிட்' ஓட்டினா, ரோபோ ஒவ்வொரு அறையா லேபிளைப் படிச்சு கணக்கோட ஒப்பிடும். 'இஜெக்ட்', டேப்பை வெளியே தள்ளும். 'ஸ்க்ராட்ச் அப்டேட்'தான் வில்லங்கம். காலாவதியான டேப்பை 'காலி'ன்னு குறிக்கும். தப்பான நம்பர் உள்ளே போச்சுன்னா, யாரோ ஒருத்தரோட பேங்க் கணக்கு மேலேயே புதுசா எழுதிடும். அழுது புரண்டாலும் வராது!

அதனாலதான் எங்க சீனியர் அக்கா, ஜாப் போடுறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை விரல் வெச்சுப் படிக்கச் சொல்வாங்க. ரிட்டர்ன் கோட் ஜீரோ வந்தா, மெஷின் சொன்னதைச் செஞ்சிடுச்சுன்னு அர்த்தம். நாம சொன்னது சரியான்னு அதுக்கு எப்படித் தெரியும்?

மியூசியமா? 2011 பிப்ரவரியில சிலரோட ஜிமெயில் மொத்தமா காணாமப்போனப்ப, கூகுள் மீட்டுக் கொடுத்தது டேப்ல இருந்துதான். உங்க ஏ.ஐ. படிக்கிற டேட்டாவுக்கும் பேக்கப் வேணும்ல மச்சி?