வடக்கு லைனில் தெரியும் மலை

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் இடது பக்க ஜன்னல். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் வரைக்கும் அங்கே சுவரும் டேங்கர் லாரியும்தான் தெரியும். மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி வயல் திறந்த பிறகு, முந்தின நாள் மழை பெய்திருந்தால், மேற்கே நீலமாக ஒரு வரிசை எழும்பும். கம்பாக்கம் மலை. அதற்குத் தென்மேற்கே நாகலாபுரம் மலை, இன்னும் தள்ளி நகரி. எல்லாம் ஆந்திரக் கணக்கு. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு மலை என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

—

நகரி மூக்கு என்ற சிகரம்: 2,824 அடி. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 50 மைல் உள்ளே நிற்கிறது. இருந்தும் மெட்ராஸுக்கு வந்த கப்பல்களுக்கு அது அடையாளம் என்று வெள்ளைக்காரர் காலத்துக் கெசட்டியரிலேயே பதிவு இருக்கிறது. கரை ஓரமெல்லாம் தட்டையான மணல். வேறு எதை வைத்து இடம் பிடிப்பது? கடலில் இருப்பவருக்குக் கோபுரம் ஒன்று, அதன் பின்னே மலை ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு கணக்கு, விலகினால் வேறு கணக்கு. காசிமேட்டுப் படகுகளில் இப்போது ஜிபிஎஸ் இருக்கிறது. மலையைப் பார்த்து மீன் இருக்கும் இடம் சொல்லக்கூடிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு யாராவது எழுதி வைத்துவிட வேண்டும். தள்ளிப்போடக் கூடாத வேலை.

—

இந்த மலைகளில் ஏறப் போனால், தூரத்திலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரிகிற உச்சி, அடிவாரப் புதருக்குள் நுழைந்ததும் காணாமல் போகும். பாதையில்லாத ஏற்றத்தின் முதல் பாடம் இது. தலைக்கு மேல் கிளை, முகத்துக்கு நேரே இலை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதன் பிறகு கண்ணை விட்டுக் காலை நம்ப வேண்டும்: சரிவு எந்தப் பக்கம் ஏறுகிறது, தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கம், காலடியில் மண்ணா பாறையா.

—

காட்டின் தன்மை பற்றி. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலை இல்லை. வறண்ட புதர்க்காடு. காரை, களா, சூரை, இண்டு, தொரட்டி. சூரை முள் பின்னோக்கி வளைந்தது. இழுத்தால் இன்னும் பிடிக்கும், ஒரு அடி பின்வாங்கினால் விடும். அவசரப்படுகிறவன் சட்டையைத்தான் முதலில் இழப்பான். தை, மாசியில் பூனைக்காலிக் காய் முற்றித் தொங்கும். அதன் சுணை பட்டால் நாள் முழுக்க அரிப்பு. கழுத்து வரை மூடிய முழுக்கைச் சட்டை எவ்வளவு வெயிலானாலும் வேண்டும். இந்த மாதிரிப் புதரில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். சமவெளிக் கணக்கை வைத்துப் புறப்பட்டவர்கள் உச்சிக்குப் பாதியிலேயே மாலையைப் பார்ப்பார்கள்.

அரிவாள் எடுத்துப்போய் வெட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். காப்புக்காடு. வெட்டுவது குற்றம். குற்றம் இல்லையென்றாலும் செய்யக் கூடாது: நாம் ஒரு நாள் வெட்டிய வழி அடுத்த வருடம் வேறு யாருக்கோ பாதை ஆகிவிடும்.

—

வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை அடையாளமே இல்லாமல் ஒளிந்துகொள்ளும். நகரிப் பக்கத்துப் பாறை குவார்ட்சைட். பழைய மணல் இறுகிக் கல்லானது, தட்டையாக உடைந்து சுவர்போல நிற்கும். படத்தில் சாதுவான சரிவு, நேரில் சுவர். செயற்கைக்கோள் படமும் உதவாது. நிழல் உள்ள தோப்பும் முள்புதரும் மேலிருந்து ஒரே பச்சை.

—

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வழி தவறும். இது பயத்தால் சொல்வது அல்ல, மலையின் அமைப்பே அப்படி. மேலே போகப் போக மலைமுகடுகள் ஒன்றாகச் சேரும். எதைப் பிடித்தாலும் உச்சி. இறங்கும்போது அதே முகடுகள் பிரியும். ஒன்றில் தப்பாகத் திரும்பினால் அடுத்த பள்ளத்தாக்கு, வேறு ஊர். அதனால் ஏறும்போதே நின்று திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு கிளை முகட்டின் முகத்தையும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடையைப் பிடித்து இறங்கிவிடலாம் என்பது சமவெளி யோசனை. இங்கே ஓடைகள் அருவியாக விழும். தடா அருவி என்று சென்னைக்காரர்கள் சொல்லும் உப்பலமடுகு அப்படிப்பட்ட ஓடைதான்.

—

காலம்: வடகிழக்குப் பருவமழை முடிந்து குட்டைகளில் தண்ணீர் நிற்கிற மாதங்கள். காடு காய்ந்த பிறகு வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல்வெளியில் தீ. மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி, மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். இதை மலையேறுகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டும், முதுகுப்பை கட்டுவதற்கும் முன்னால்.

—

இதை எழுதாமல் இந்த மலைகளைப் பற்றி எழுத முடியாது. செம்மரம். உலகில் இயற்கையாக அது வளர்வது தென்னாந்திர மலைகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும்தான். நமக்கு முன்னே பாதையில்லாத காட்டில் இரவில் நடந்தவர்கள் கூலிக்கு மரம் வெட்டப்போன தமிழர்கள். 2015 ஏப்ரல் 7, தென்னாந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். கடத்தல் முதலாளி யாரும் அன்று காட்டில் இல்லை.

அந்த மரம் போய்ச் சேர்ந்த வழி எங்கள் வடசென்னை வழி. சென்னைத் துறைமுகத்துக் கன்டெய்னர்களில் வேறு சரக்கின் பெயரில் ஒளித்து வைத்த செம்மரக் கட்டைகளைச் சுங்கத்துறையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் பலமுறை பிடித்திருக்கின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த இருபது பேரின் நினைவு வருகிறது. மலையேறுவது எனக்குப் பிடித்த காரியம். ஆனால் கூலிக்காரனுக்குத் துப்பாக்கி காத்திருந்த மலைத்தொடரில் நான் விளையாட்டாக ஏறுகிறேன் என்பதை மறந்துவிட்டு ஏற மாட்டேன். அனுமதி வாங்காமலும், அடிவார ஊர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொள்ளாமலும் போக மாட்டேன். மாட்டு வழி, பன்றி வழி, தேனெடுக்கிற யானாதிப் பழங்குடியினர் வழி எல்லாம் அவருக்குத் தெரியும்.

—

கம்பாக்கம் உச்சிப் பக்கம் மரம் விலகிய பாறையில் நின்றால் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். தென்கிழக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிகிற நாளும் உண்டு, மங்கலில் ஒன்றும் தெரியாத நாளும் உண்டு.

—

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. நல்ல காரியம். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அவற்றில் பெரும்பாலானவை தூரம், செலவு. கம்பாக்கம் அடிவாரத்துக்குத் தடா வரை ரயில் உண்டு. உச்சி வேண்டாம், அடிவாரக் காடு போதும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில், இரண்டு மாநில வனத்துறைகளும் பேசிக் கூட்டிப்போகலாம். சூரை முள்ளிலிருந்து சட்டையை எப்படி விடுவிப்பது என்று அங்கேயே சொல்லித்தரலாம்.