கனவுக்குப் பலன் வேண்டுமா?

நம் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கனவென்பது கண்டவர்க்கு மட்டும் உரியதன்று. சுபஹுத் தொழுகை முடிந்து அடுப்பு எரியுமுன்னரே அது வேலி தாண்டி அயல்வீட்டை அடைந்துவிடும். பாம்பு கண்டால் பகை. மீன் கண்டால் பொருள்வரவு. பல் விழக் கண்டால் உறவில் ஒரு மௌத்து. நாள்தோறும் தோணியிலிருந்து மீன் இறக்குவோர்க்கும் மீன் கனவு பொருள்வரவைத்தான் காட்டுமோ என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. உம்மம்மா விடை கூறாது வெற்றிலையை மடித்துக்கொண்டார்கள்.

இக்கலையிற் பெரும்பெயர் பெற்றவர் பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் மறைந்த இப்னு சீரீன். அவர் பெயரால் வழங்கும் கனவு நூல்கள் பிற்காலத்தார் தொகுத்தவை என்பர் ஆய்ந்தோர். யூசுப் நபி (அலை) அவர்கள் ஏழு கொழுத்த பசுக்களுக்கும் ஏழு மெலிந்த பசுக்களுக்கும் கூறிய பலன் எகிப்து மக்களைப் பஞ்சத்தினின்றும் காத்தது. ஆயின், அஃது இறைவன் நபிக்கு அருளிய அறிவு. சந்தையில் வாங்கும் சிறு புத்தகத்திற்கு அந்த உரிமை ஏது?

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே சீனத்தில் வாழ்ந்தவர் சுவாங் சூ. தாவோ நெறியின் பெரும் ஞானி. அவர் நெறி வேறு, நம் மார்க்கம் வேறு. எனினும், கனவைப் பற்றி அவர் கூறியது கேட்கத் தக்கது. அவர் ஒரு நாள் வண்ணத்துப்பூச்சியாகிப் பறப்பதாகக் கனாக் கண்டார். பறந்த பொழுதில் தாம் சுவாங் சூ என்னும் நினைவே அவர்க்கில்லை. விழித்ததும் ஓர் ஐயம்: பூச்சியாகக் கனாக் கண்ட மனிதனா தான், அன்றி மனிதனாகக் கனாக் காணும் பூச்சியா? அந்தப் பூச்சி செல்வத்தைக் குறிக்கிறதா, சாவைக் குறிக்கிறதா என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை. பூச்சி பூச்சியாகவே இருந்தது. அதே அத்தியாயத்தில், கனவிற்குள்ளேயே இருந்துகொண்டு கனவிற்குப் பலன் பார்ப்பவரையும் அவர் சுட்டுகிறார்.

வெறும் வேடிக்கையென்றே அதனைக் கடந்திருப்பேன், என் சாச்சியின் கதையை அறியேனாயின். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் அவருடைய ஒன்பது வயது மகளைக் கொண்டுபோயிற்று, மையித்தும் கிடைக்கவில்லை. சில மாதங்களின் பின் பிள்ளை கனவில் வரலானாள். ஈரக் கூந்தலோடு வாசற்படியில் அமர்ந்து, தலை வாரிவிடக் காத்திருப்பாளாம். அயலார் விடுவார்களா? ஈரம் என்றால் பிள்ளை வேதனையில் இருக்கிறாள் என்றார் ஒருவர். வாசற்படி என்றால் வீட்டில் இன்னொரு பிரிவு என்றார் மற்றொருவர். சாச்சி கத்தம் ஓதுவித்தார், ஸதகா கொடுத்தார், அச்சத்தால் மெலிந்தார். ஒரு நாள் என்னிடம் அவர் கூறியதை நான் மறக்கவில்லை. "கனவுக்குள்ளேயும் இந்த ஈரம் என்னத்துக்கு, படி என்னத்துக்கு என்றுதான் மனே யோசிக்கிறன். புள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்து போகிறன்."

பலன் சொல்லும்வரை கனவு பறவையின் காலில் தொங்குகிறது, சொன்னதும் விழுந்துவிடுகிறது. அன்புடையோரிடமோ அறிவுடையோரிடமோ அன்றி அதனைக் கூறாதீர் என்னும் கருத்துடைய ஹதீஸ் ஒன்றுண்டு. அதனை மௌலவி ஒருவர் சாச்சிக்கு எடுத்துரைத்தார். அன்றிலிருந்து வேலியோரப் பேச்சு நின்றது.

சென்ற நோன்புப் பெருநாளன்று அவரைக் காணச் சென்றேன். கேளாமலே சொன்னார்:

"ராவு வந்தா மனே. தலை வாரி விட்டன். எண்ணெய்தான் கொஞ்சம் கூடிப் போச்சு."