கைப்பழக்கம் என்றொரு சொல்

ஜூலை 4, 2024, வியாழன்

கல்வி வளர்ச்சி நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. காமராஜர் பிறந்த மாவட்டத்தில் ஜூலை 15 என்றால் பள்ளிக்கூடத்துக்குத் திருவிழா. இந்த வருடக் கண்காட்சி என் ஏழாம் வகுப்பின் பொறுப்பு. "உங்கள் வீட்டில் உள்ள படைப்பாளியைப் பற்றி எழுதுங்கள்" என்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பாட்டுப் பாடும் அண்ணன், படம் வரையும் அக்கா, ரீல்ஸ் போடும் மாமா என்று வந்தது. ஒரு பிள்ளை மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. அம்மா பூக்கட்டும் வேலை, அப்பா கரிமூட்டம் போடும் வேலை."

இரவு திருத்தும்போது அந்தத் தாளைத் தாண்டிப் போக முடியவில்லை. உழைக்கிறவர் வேறு, படைக்கிறவர் வேறு என்று பன்னிரண்டு வயதிலேயே கோடு போட்டுவிட்டாள். அந்தக் கோட்டைப் போடக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்திதான்.

ஜூலை 6, சனி

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஈரச்சாக்கு, அதன்மேல் குவியலாக மல்லிகை மொட்டு. வெயிலுக்கு முன் பறித்து வந்தது. அம்மா நனைத்த வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுழற்று, ஒரு முடிச்சு. பேச்சு என்னோடு, கண் வாசலில், விரல் மட்டும் பூவில்.

சரங்கள் இரண்டு விதமாக இருந்தன. ஏன் என்று கேட்டேன்.

"பக்கத்துக் கடைக்குப் போற பூவ நெருக்கிக் கட்டலாம் டீச்சர். பஸ்ஸேறிப் போற பூவுக்குத் தளர விடணும். மொட்டு வழியிலயே விரியும். எடம் இல்லேன்னா ஒண்ண ஒண்ணு நசுக்கிரும்."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரு சொல்லுவா? ஒரு தடவ சரம் நசுங்கித் திரும்பி வந்துருச்சு. ராத்திரி பூரா அதே யோசன. இப்பக் கைப்பழக்கம்."

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்குப் பெயர் வந்துவிட்டது. தூக்கத்தைத் தொலைத்து இப்படி யோசித்தவருக்குத் தெருவில் பூக்காரம்மா என்பதுதான் பெயர்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று அந்தப் பிள்ளையோடு அவள் அப்பாவைப் பார்க்கக் கண்மாய்க்கரைப் பக்கம் போனேன். எங்கு பார்த்தாலும் வேலிக்கருவை. விவசாயத்தைக் கெடுத்த மரம் என்று நாம் திட்டும் அதே மரத்தை வெட்டித்தான் இங்கே பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது.

பருத்த கட்டையை நடுவில் வைத்து, மெலிந்ததைச் சுற்றி அடுக்கி, இடுக்கில் சுள்ளி திணித்து, வைக்கோல் பரப்பி, மேலே ஈரமண் பூசியிருந்தார். அடியில் காற்றுக்குச் சில துளைகள். "நெருப்பு இருக்கணும், ஆனா எரியக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி" என்றார். காற்றில்லாமல் சூடேறினால் விறகிலிருந்து நீரும் வாயுக்களும் வெளியேறிக் கரி நிற்கும் என்று பாடத்தில் நடத்தியிருக்கிறேன். மண்பூச்சில் ஒரு விரிசல் விழுந்து காற்று புகுந்தால் விடியும்போது எல்லாம் சாம்பல். அந்தப் பயம் மட்டும் பாடத்தில் இல்லை.

முதலில் வெள்ளைப் புகை திரளாக வருமாம். அது மெலிந்து நீலம் தட்டினால் துளைகளை அடைக்க வேண்டும். "ராத்திரியில நிறம் தெரியாதேண்ணே?" என்றேன். "அதுக்கென்ன, மோந்தாத் தெரியும்."

பச்சைப் புகை வாடை இது, பழுத்த புகை வாடை இது என்று அவர் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. அதைத் திறமை என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜூலை 10, புதன்

சிவகாசியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருடமாகப் பட்டாசு ஆலை வேலை. நான் கண்காட்சியைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மருந்து ரூமுல யோசன கூடாதும்மா. அங்க சொன்ன அளவு, சொன்ன முறை. ஒருத்தன் புதுசா ஒண்ணு செஞ்சு பாத்தா நாலு குடும்பம் போயிரும்."

பட்டாசின் நிறங்களில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, மாற்று வழியைத் தேடும் வேலை ஆய்வகத்துக்குப் போனது. அதுதான் சரி என்கிறார் சித்தப்பா. ஆனால் மருந்து பக்கத்திலேயே வராத இடத்தில், வெறுங்காகிதக் குழாய் சுருட்டும் பலகையில், பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியவர் அவர். காகிதம் வழுக்காது, மணிக்கட்டு வலிக்காது. பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே ஒட்டிக்கொண்டார்களாம். எங்கே கையை ஓட விடலாம், எங்கே கட்டிப்போட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் படைப்பில் சேர்ந்ததுதான். இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஜூலை 13, சனி

அத்தையின் பூஜை அறையில் சட்டம் போட்ட பழைய காலண்டர் முருகன். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் படம். நாடக மேடைக்குத் திரை எழுதியவர், 1976இல் காலமானார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் தொங்கின. இத்தனை வருடம் கும்பிட்ட அத்தைக்கு அவர் பெயர் தெரியாது. "சாமி படம்தானத்தா, வரஞ்சவுகளும் உண்டோ?" என்று கேட்டார்கள்.

இப்படிப் பெயர் மறைந்துபோவதற்கு எதிராக யோசித்தவரும் உண்டு. அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தா, எளிய மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேடித் தொகுக்கும் தம் முயற்சிக்குத் தேனீயின் பெயரை வைத்தார். தேனீ தேனை எடுப்பதால் பூ ஏழையாவதில்லை. மக்களிடம் அறிவைப் பெற்றால் அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும், அவர்கள் மொழியிலேயே அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த நெறி. மதுரை சேவா அமைப்பு அதே வழியில் 'நம் வழி வேளாண்மை' இதழைத் தமிழில் கொண்டுவந்தது. மதுரைப் பக்கம் மேலக்காலில் முருகேசன் என்பவர் சைக்கிள் ரிம்மை வைத்து வாழைநாரில் கயிறு திரிக்கும் இயந்திரம் செய்தார். பூக்கட்ட நனைத்து வைக்கிற அதே நார்தான்.

இத்தனை நாளும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது என்ன என்று இன்று புரிந்தது. 'கைப்பழக்கம்' என்ற சொல்தான். யோசித்ததையெல்லாம் மறைத்துவிட்டு விரலை மட்டும் காட்டுகிற சொல் அது. அதைச் செய்கிறவர்கள் அடக்கத்தால் சொல்கிறார்கள். கேட்கிற நாமோ அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு நசுங்கிய சரமும் தூக்கமில்லாத ஓர் இரவும் இருக்கின்றன. "முதன்முதலில் எப்போது இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அது வெளியே வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு அந்த ஒரு கேள்வியைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

மேசை மேல் இரண்டு விதச் சரம், களிமண்ணில் செய்த சின்ன மூட்டம், வெறுங்காகிதக் குழாய்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஓர் அட்டையில் செய்தவர் பெயர், வந்த சிக்கல், கண்ட வழி. காமராஜருக்கும் ஓர் அட்டை வைத்தோம். சிக்கல்: பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வழி: 1956இல் மதிய உணவு.

பதினொரு மணிக்குப் பூக்காரம்மா வந்தார். தன் பெயர் போட்ட அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு மகளைப் பார்த்து, "இது பாதிதான் சரி" என்றார். "மழக்காலத்துப் பூவுல ஈரம் சாஸ்தி. அப்ப நார ரொம்ப நனைக்கக் கூடாது. அத எழுதலயே நீ?"

மகள் பேனாவை நீட்டினாள். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அட்டையின் அடியில் தானே எழுத ஆரம்பித்தார். நாலாவது வரியில் இடம் தீர்ந்துவிட்டது.

இன்னொரு அட்டை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.