வாள் வாங்கிய கணக்கு



கடந்த ஆண்டு ஜூன் மாதம், என் குருத்துவத் திருநிலைப்பாட்டின் 40ஆவது ஆண்டு நிறைவன்று, நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஓர் உறையில் 1,350 யூரோ வைத்துத் தந்தீர்கள். "சுவாமி, ஒருக்கா ஊருக்குப் போட்டு வாங்கோ" என்று சொல்லித்தான் தந்தீர்கள். நான் ஊருக்குப் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு வாள் வாங்கினேன். பேதுருவையே உறையில் போடச் சொன்ன பொருள் சுவாமிக்கு எதற்கு என்று ஒருவர் பகிடி விட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பகிடி; நானும் சிரித்தேன். ஆயினும் பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

நாம் வழிபடும் ஆலயம் நமக்குச் சொந்தமானது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஜேர்மன் பங்கு மக்கள் தங்கள் திருப்பலி முடிந்ததும் நமக்குத் திறந்துவிடுகிறார்கள். நாம் முடித்ததும் இருந்தது இருந்தபடி விட்டுவர வேண்டும். பாடகர் குழுவில் முன்வரிசைப் பிள்ளைகளின் முகம் பெரியவர்களுக்கும், பின்வரிசைப் பிள்ளைகளின் முகம் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஆகவே இரண்டு பேர் தூக்கி அடுக்கி, அரைமணி நேரத்தில் கழற்றி வைக்கக்கூடிய 12 பெட்டிப் படிகள் செய்ய நினைத்தேன். பலகைக் கடையிலேயே வெட்டித் தருவார்கள்தான். நேர்வெட்டுகளை அங்கேயே வெட்டுவித்திருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். சரிவு வெட்டுகளும், முதற்பெட்டியைச் செய்த பிறகுதான் தெரியவரும் திருத்தங்களும்தான் என்னைச் சொந்த வாளை நோக்கித் தள்ளின. ஆசையும் தள்ளியது. அதையும் மறைக்கவில்லை.

என் தந்தை தச்சர். முதிரையும் வேம்பும் பாலையும் அவருடைய மரங்கள். கைவாள், சீவுளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவையே அவருடைய சொத்து. மாலையில் வாளின் பற்களை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டும் ஓசை கொழும்புத்துறைக் குருமடத்தில் மெய்யியல் படித்த நாட்களிலும் என் காதில் இருந்தது. என் அண்ணன் தந்தையிடம் தொழில் பழகி, பிறகு ஒரு மரக்காலையில் மேசைவாளுக்கு வேலைக்குச் சென்றார். 1979ஆம் ஆண்டு வலக்கையின் இரண்டு விரல்களை அந்த வாளில் இழந்தார். அதற்குப் பின் அவர் உளி பிடிக்கவில்லை. மேசைவாள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று நம்மில் ஒருவர் அன்போடு சொன்னபோது நான் உடனே மறுத்ததற்குக் காரணம் அதுதான்.

நான் வாங்கியதை ஆங்கிலத்தில் ட்ராக் சோ என்பார்கள். ஜேர்மனியர் டௌஹ்சேகே என்பார்கள். மூழ்கும் வாள் என்று பொருள். கையில் பிடிக்கும் வட்டவாள்தான். ஆனால் அதன் அலகு முழுவதும் ஓர் உறைக்குள் ஒளிந்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால் மட்டுமே கீழே இறங்கி மரத்தினுள் மூழ்கும். அழுத்தத்தை விட்டால் வில்லின் விசையால் மேலே ஏறி மறையும். பலகையின்மீது ஓர் அலுமினியச் சட்டத்தை வைத்து, அதன்மேல் வாளை ஓட்ட வேண்டும். புகைவண்டி தண்டவாளத்தை விட்டு விலகாததுபோல வாளும் கோட்டை விட்டு விலகாது. 2.5 மீற்றர் நீளமும் 1.25 மீற்றர் அகலமும் 18 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பேர்ச் ஒட்டுப்பலகை ஒன்று ஏறத்தாழ 38 கிலோ எடை இருக்கும். அறுபது கடந்த ஒருவர் அதைத் தூக்கி மேசைவாளின்மேல் நேராகத் தள்ளுவது நடவாத காரியம். இங்கே பலகை அசையாமல் கிடக்கிறது, வாள்தான் நடக்கிறது.

எந்த நிறுவனத்தின் வாள் என்று மூவர் கேட்டுவிட்டார்கள். விளம்பரம் செய்வது என் பணி அன்று. தெரிவு செய்த வழியை மட்டும் சொல்கிறேன். உயர்தர வரிசையில் பெஸ்டூலும் மபெல்லும் நம் நாட்டவை. ஒன்று வென்ட்லிங்கன், மற்றது ஓபர்ன்டோர்ப், இரண்டுமே நெக்கார் ஆற்றங்கரை ஊர்கள். ஜப்பானிய மக்கிற்றாவும் இந்த வாளைச் செய்கிறது. முதலில் நான் பார்த்தது சட்டத்தை. மக்கிற்றா வாள் பெஸ்டூல் சட்டத்தின்மீது ஓடும். மபெல் வாளுக்கும் பொஷ் வாளுக்கும் ஒரே வகைச் சட்டம் பொருந்தும். இந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகா. வாள் பழுதானால் மாற்றலாம். சட்டங்களை வாங்கிச் சேர்த்த பிறகு குடும்பம் மாறுவது செலவு. இரண்டாவதாக மின்கலங்களைப் பார்த்தேன். சில வாள்களுக்கு 18 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். சிலவற்றுக்கு இரண்டு வேண்டும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே துளையிடும் கருவி இருந்தால், அதே மின்கலத்தை ஏற்கும் வாளை வாங்குவதே சிக்கனம். மூன்றாவதாக, அலகு மரத்தில் இறுகி வாள் பின்னோக்கித் துள்ளும்போது அதை உணர்ந்து அலகை நிறுத்தும் அமைப்பு இப்போது சில வாள்களில் வருகிறது. விலை கூடும் என்பதால் அதை நான் விட்டுவிட்டேன். இந்த வரியை நினைவில் வைத்திருங்கள்.

கம்பியில்லாத வாள் ஏன் என்று கேட்டால், பங்கு இல்லத்தின் பின்முற்றத்தில் மின்சாரம் இல்லை. கம்பி சட்டத்தின் முனையில் மாட்டி வெட்டைக் கெடுக்கும் தொல்லையும் இல்லை. ஆனால் தூசி உறிஞ்சும் இயந்திரத்திற்குக் கம்பி வேண்டியிருந்தது! கடைசியில் சமையலறை யன்னல் வழியாக ஒரு நீட்டுக்கம்பி இழுத்தோம். அதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். மரத்தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. என் தந்தையின் இருமலை நாங்கள் சுருட்டின்மேல் போட்டோம். இன்னொன்று: இந்த மின்கலங்களை உறைநிலைக்குக் கீழே ஏற்றக்கூடாது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். ஊருக்கு ஒரு வாள் கொண்டுபோகலாமா என்று கேட்ட சகோதரருக்கு: உதிரி மின்கலங்கள் கைப்பையில்தான் போக வேண்டும், 18 வோல்ட் 5 ஆம்பியர்-மணி மின்கலம் 90 வாட்-மணி என்பதால் வழமையான 100 எல்லைக்குள் நிற்கிறது, எத்தனை என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தும் முறையில் சில சொல்கிறேன். புதிய சட்டத்தின் ஓரத்தில் ஒரு றப்பர் நாடா இருக்கும். முதல் ஓட்டத்தில் வாள் அந்த நாடாவையே அரிந்து தன் அளவுக்கு ஆக்கிக்கொள்ளும். அதன் பின் அந்த விளிம்பே வெட்டுக்கோடு; குறிக்கு நேரே விளிம்பை வைத்தால் போதும். வைத்துக்கொள்ளப் போகும் துண்டின்மேல் சட்டம் இருக்கட்டும். அலகின் முற்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுவதால் சிலும்பு மேற்பக்கம்தான் வரும், அங்கே அந்த நாடா நாரை அழுத்திப் பிடித்துக் காக்கிறது. ஒட்டுப்பலகைக்கு 48 பற்கள் உள்ள அலகு நல்லது. கனமான மரத்தை நார் வழியே பிளப்பதற்குக் குறைந்த பற்கள் வேண்டும். பலகையின் கீழே முழு நீளத்திற்கும் நுரைப்பலகை ஒன்றைப் போட்டு, பலகையின் தடிப்பைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் ஆழம் வையுங்கள். அலகு முழு வேகம் பெற்ற பிறகே இறக்குங்கள். நின்ற பிறகே தூக்குங்கள். அலகை மாற்றுமுன் மின்கலத்தைக் கழற்றுங்கள். சட்டத்தை இடுக்கிகளால் இறுக்குங்கள். நாடா வழுக்காது, இடுக்கி தேவையில்லை என்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த மற்றக் கணக்கு.

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஏழாவது பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தோம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நம் பீடப்பணியாளரில் ஒருவன், 15 வயது, எனக்கு உதவியாக நின்றான். பெட்டியின் பக்கப் பலகையில் தூக்குவதற்குக் கைவிடும் துளை ஒன்று வெட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்காமல், பலகையின் நடுவிலே அலகை இறக்க வேண்டிய வெட்டு அது. இந்த வாளின் வேலைகளில் மிகுந்த அவதானம் வேண்டுவது அதுவே. சட்டத்தை இடுக்கியால் இறுக்க வேண்டும். வாளின் பின்னால் சட்டத்தின்மேல் ஒரு தடைக்கட்டை பொருத்த வேண்டும். மெதுவாக இறக்க வேண்டும். வாளின் பின்னே எவரும் நிற்கக்கூடாது. கையேட்டில் இது இருக்கிறது. நான் படித்திருந்தேன். சின்ன வெட்டுத்தானே என்று இடுக்கியைத் தேடவில்லை. "தம்பி, சட்டத்தைப் பிடி" என்றேன். அவன் சட்டத்தின் பின்முனையில் உள்ளங்கையை ஊன்றினான்.

இறக்கிய வேகத்தில் அலகின் பின்பற்கள் மரத்தைக் கவ்வின. வாள் மரத்தைவிட்டு எழும்பிச் சட்டத்தின்மேல் பின்னோக்கிப் பாய்ந்தது. என் கை தானாக விட்டது, அலகு உறைக்குள் ஏறியது, வாள் என் இடுப்பில் மோதி விழுந்தது. ஓர் இமைப்பொழுதுதான். விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். அலுமினியத்தில் நீளமாக ஒரு வெட்டுத்தடம். அது முடிந்த இடத்திற்கும் அவன் கை இருந்த இடத்திற்கும் இடையே என் நான்கு விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாக நான்கு விரல்.

அதன் பிறகு நான் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். "வீட்டில் அம்மாவிட்டைச் சொல்ல வேண்டாம், தம்பி, பயந்திடுவா" என்றேன். அவன் தலையாட்டினான்.

பிள்ளையிடம் வீட்டில் சொல்லாதே என்று ஒரு குருவானவர் சொல்வது எத்தகையது என்பதை, திருச்சபை கடந்து வந்திருக்கும் இந்த ஆண்டுகளுக்குப் பின் நான் அறியாதவன் அல்லன். அதற்கெனப் பயிற்சி வகுப்புகளில் இருந்திருக்கிறேன், கையொப்பமும் இட்டிருக்கிறேன். இருந்தும் வாயில் அதுதான் வந்தது. மூன்று வாரங்கள் அவனை அந்தப் பாரத்தோடு பீடத்தில் நிற்க விட்டேன். திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தந்தை ஒன்றும் பேசவில்லை. தாய் தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு, "வாள் துள்ளினது விபத்து, சுவாமி. சொல்ல வேண்டாம் எண்டு ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் என்று பிறகு சொன்னேன். அவருடைய பயத்தைப் பற்றியே நான் சிந்தித்திருக்கவில்லை. இதை எழுதுவதற்கு அவர்கள் இருவரும், அந்தப் பிள்ளையும், சம்மதம் தந்தார்கள். எழுதியதை முன்கூட்டியே வாசித்தும் பார்த்தார்கள். மறைமாவட்டத்தின் பொறுப்பாளருக்கும் அறிவித்திருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் ஏழு படிகளில் நின்று பாடினார்கள். மீதி ஐந்தும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னர் முடிய வேண்டும். கைத்துளைகளை இனி இந்த வாளால் வெட்டுவதில்லை. துளையிட்டு, சிறிய யிக் வாளால் அறுக்கிறோம். நான்கு இடுக்கிகள் வாங்கியிருக்கிறேன், பற்றுச்சீட்டுகள் எல்லாம் பங்குப் பணிமனையில் பார்வைக்கு இருக்கின்றன. இருட்டிய பின் வேலை இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அளக்கலாம், தேய்க்கலாம், பூசலாம். வாள் ஓடும்போது முற்றத்தில் இருக்கமாட்டார்கள். அவர்கள் வரும் நாளில் பெற்றோரில் ஒருவரும் வர வேண்டும். தொழில் பழகிய இருவர் நம்மிடையே இருக்கிறீர்கள். இவ்வளவு நாளும் உங்களைக் கேட்காமல் நானே வெட்டிக்கொண்டிருந்தது என் வீம்பு. வாளை உங்களிடம் தருகிறேன்.

வருகின்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். காது அடைப்பானும் முகக்கவசமும் கொண்டு வாருங்கள். மதியத்திற்குப் புட்டும் சம்பலும் ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையையும் அழைத்திருக்கிறேன். "பாப்பம், சுவாமி" என்று அவன் தாய் சொல்லியிருக்கிறார்.