சேது மணலும் மடக்கு நாற்காலியும்

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு யாத்திரை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் புனிதவதியார். ஈசன் உறையும் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தவர் எங்கள் ஊர்ப் பெண்மணி. ஆனிப் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்கள் வீசப்படும்போது முந்தானை ஏந்தி நிற்கும் பெண்களின் நடுவே என் தமக்கையாரும் பல்லாண்டு நின்றவர். அவருக்கு இப்போது 78 வயது. கணவரை இழந்து, மக்கட்பேறும் இன்றி, எங்களோடு இருந்து வருகிறார்.

சேதுக்கரையில் மணல் எடுத்துப் பிரயாகையின் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொணர்ந்து இராமேசுவரத்து ஈசனுக்கு அபிடேகம் செய்விக்க வேண்டும் என்பது அத்தான் நேர்ந்துகொண்டது. நிறைவேறாமலே அவர் சிவபதம் அடைந்தார். அந்தக் கடன் அக்காவின் மேல் வந்து நின்றது. ஆனால், ‘போகலாமா?’ என்று நாங்கள் எத்தனை முறை அழைத்தும் அவர் இசையவில்லை. காசியை விடுங்கள், 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநள்ளாற்றுக்குக்கூட வரமாட்டார். ‘முழங்கால் நோகிறது தம்பி’ என்பார். ஆறாண்டுகள் இப்படியே கழிந்தன.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எதற்கும் ஒரு புராணக் கதை என் கையில் இருக்கும். அப்பர் பெருமான் கயிலைக்குப் புறப்பட்டுக் காலும் கையும் மார்பும் தேய்ந்து வழியில் விழுந்தபோது, இறைவன் அவரைத் திருவையாற்றுக்கே திருப்பி, அங்கே கயிலைக் காட்சியை அருளவில்லையா? ‘அக்கா, உமக்கும் இருந்த இடத்திலேயே காசிதான்’ என்று ஆறுதல் சொல்வேன். அவரும் தலையசைப்பார். எவ்வளவு நயமாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குள் ஒரு நிறைவு வேறு. அவர் ஏன் வர மறுக்கிறார் என்று ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை.

என் மகன் பழைய ஸ்கார்ப்பியோ வண்டியொன்றை வாங்கி வந்தான். ‘அத்தை, இனி ரயில்படியும் வேண்டாம், விமானப்படியும் வேண்டாம். நம் வண்டி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம்’ என்றான். எங்கள் ஊரின் அமைப்பு அன்பர்கள் அறிந்ததே. எந்தத் திசையில் போனாலும் அரைமணி நேரத்துக்குள் புதுவை மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். வாடகை வண்டி என்றால் எல்லைதோறும் அனுமதிச்சீட்டும் வரியும். சொந்த வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அக்கா மறுத்துச் சொல்லாமல் மௌனமாக இருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

வண்டியை ஆயத்தம் செய்யும் வேலையில் தந்தையும் மகனும் இரண்டு மாதம் மூழ்கினோம். முகப்பில் இரும்புத் தடுப்பு, கூரைமேல் ஏணியுடன் விரியும் கூடாரம், வரிசையாக விளக்குகள் என்று அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். ஏணி ஏறிப் படுக்கப் போவது யார் என்று என் மனைவி கேட்டதும் கூடாரம் கைவிடப்பட்டது. முகப்புத் தடுப்பை 2017-லேயே அரசு தடை செய்துவிட்டது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றக் கூடாதென 2019-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் எதையும் துளையிட்டு முடுக்காமல், வைத்து எடுக்கும்படி செய்வதென முடிவு செய்தோம்.

அந்த வண்டியின் கடைசி வரிசையில் ஒன்றையொன்று நோக்கிய சிறு இருக்கைகள் உண்டு. அவற்றை மடித்துவிட்டால் நல்ல இடம் கிடைக்கும். எங்கள் தெருத் தச்சர் அங்கே ஒட்டுப்பலகையில் தாழ்வான மேடை ஒன்று செய்து தந்தார். மேலே தென்னை நார் மெத்தை, அடியில் பெட்டிகள். வண்டி நின்றிருக்கும்போது ஒருவர் காலை மடக்கிப் படுக்கலாம். ஓடும்போது யாரும் அதில் படுக்கக் கூடாது, எல்லோரும் இருக்கையில் பட்டை அணிந்தே அமர வேண்டும் என்பது மகன் வகுத்த சட்டம். 20 லிட்டர் தண்ணீர்க் குடுவை இரண்டு. நீர் மட்டுமே 40 கிலோ எடையாகும் என்பதால் அவற்றைக் கூரைமேல் ஏற்றாமல், நடு இருக்கையின் பின்னால் தரையோடு தரையாக வைத்தோம். பாரம் உயரே இருந்தால் வளைவில் வண்டி சாயும். சன்னல்களுக்குக் கொசுவலையை அளவாக வெட்டி, ஓரத்தில் சிறு காந்தங்களைத் தைத்தாள் என் மனைவி. இரும்புச் சட்டத்தில் அது கப்பென்று ஒட்டிக்கொள்ளும். வண்டிப்படி உயரம் என்பதால் ஏறி இறங்க வேப்பமர முக்காலி ஒன்று.

சமையலில்தான் வாதம் எழுந்தது. 5 கிலோ எரிவாயு உருளையும் ஓர் அடுப்பும் கொண்டுபோகலாம் என்றேன். மனைவி மறுத்துவிட்டாள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டி எரிந்ததை நாம் மறக்கவில்லை. லக்னோவிலிருந்து தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்க வந்த அடியார்கள் அவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த எரிவாயு உருளையால் ஒன்பது உயிர் போயிற்று. ஆகவே உருளை வேண்டாம், சத்திரங்களில் மின்சாரத்தில் சோறு வடிக்க ஒரு குக்கர் போதும் என்றானது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய், அவல், வெந்நீர்க் குடுவைகள் என்று கட்டிக்கொண்டோம்.

எனக்கு ஏனுகுல வீராசாமியாரின் நினைவு வந்தது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர் 1830 மே 18 அன்று ஏறக்குறைய நூறு பேருடன் பல்லக்கும் கூடாரமுமாகக் காசிக்குப் புறப்பட்டார். ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர், ரீவா, பிரயாகை என்று சென்று, கயை, கல்கத்தா, பூரி வழியாகத் திரும்பிச் சென்னையை அடைந்தது 1831 செப்டம்பர் 3-இல். அவர் தெலுங்கில் எழுதிய ‘காசியாத்திரை சரித்திரம்’ அவர் மறைவுக்குப் பின் அச்சேறியது. எங்கள் வழியும் ஐதராபாத்துக்கு மேல் பெரும்பாலும் அவர் வழியே. அவருக்கு நூறு பேர், நமக்கு ஒரு மேடையும் முக்காலியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணல் எடுத்து வரவும் வண்டியைச் சோதிக்கவுமாக ஆனி மாதக் கடைசியில் இராமேசுவரம் புறப்பட்டோம். நாகையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை. திருப்புனவாசலில் பெரிய ஆவுடையாரைத் தரிசித்தோம். வழியெல்லாம் என் மனைவி தண்ணீர் நீட்ட, ‘வேண்டாம், அப்புறம்’ என்று அக்கா தள்ளிக்கொண்டே வந்தார். விரதம் போலும் என்று நினைத்தேன். தொண்டியை நெருங்கும்போது பேச்சு குழறியது. முக்காலியில் கால் வைத்தவர் அப்படியே சாய்ந்தார்.

அருகிலிருந்த மருத்துவமனையில் சேர்த்தோம். உடலில் நீர் வற்றிவிட்டது, சிறுநீரில் கிருமித் தொற்றும் இருக்கிறது என்றார் மருத்துவர். இரவு முழுதும் நரம்பில் நீர் ஏறியது. பெண்கள் பகுதி என்பதால் நான் வெளியே பெஞ்சில் கிடந்தேன். விடியற்காலையில் என் மனைவி வந்து அமர்ந்தாள். அவள் குரல் கம்மியிருந்தது.

‘அண்ணி முந்தின நாள் மாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லையாம். வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்ற பயம். ஆறு வருஷமாக எங்கும் வராததற்கும் அதுதான் காரணம். முழங்காலால் குந்தி உட்கார முடியாது. அடக்கவும் முடிவதில்லை. ஒருமுறை கோயில் பிராகாரத்திலேயே புடவை நனைந்துவிட்டதாம். அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.’

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா கேட்டாராம். என் மடியில் வைத்து வளர்த்த பிள்ளை என்றாராம். நான் அப்பர் கதை சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் தலையசைத்தது என் கண்முன் வந்தது.

மணல் எடுக்காமலே ஊர் திரும்பினோம்.

அதன்பின் வண்டியை மீண்டும் ஆயத்தம் செய்தோம். இம்முறை பட்டியல் எழுதியவர்கள் பெண்கள். மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் மடக்கும் கமோடு நாற்காலி வாங்கினோம். கைப்பிடி உள்ளது, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அடியில் மூடியுள்ள வாளி. வாளிக்குள் கனத்த பை, பைக்குள் இரண்டு கைப்பிடி மரத்தூள். மரத்தூள் ஈரத்தையும் வாடையையும் உறிஞ்சிவிடும். ரம்ப மில்லில் ஒரு சாக்கு கேட்டபோது, ‘மாடு வாங்கியிருக்கிறீர்களா?’ என்றார்கள். பையைக் கட்டி வைத்திருந்து அடுத்த கழிப்பிடத்தில் ஒழுங்காகச் சேர்க்க வேண்டும், வழியில் எறியக் கூடாது. மறைப்புக்கு, உறையிலிருந்து எடுத்ததும் தானே விரிந்து ஆளுயரம் நிற்கும் உடைமாற்றும் கூடாரம். விரிய ஒரு நொடி போதும். மடிக்க எனக்கு மூன்று நாள் பயிற்சி தேவைப்பட்டது. அவசரத்துக்கு, சாலைக்கு மறுபக்கமுள்ள இரு கதவுகளையும் திறந்து இடையில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாலே அறை ஆகிவிடும்.

மருமகள் ஒரு விதி சொன்னாள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நிற்க வேண்டும். எல்லோரும் இறங்க வேண்டும். யாருக்காக நிறுத்துகிறோம் என்ற பேச்சே எழாது.

ஆயினும் அக்காவுக்கு ஒரு சங்கடம். ‘அந்த நாற்காலி இருக்கிற வண்டியிலா சேது மணலும் கங்கையும்?’ என்றார். என் புராண ஞானம் இதற்கு உதவவில்லை. குருக்களிடம் போய்க் கேட்டோம். வயதானவர் அவர். சற்றும் தயங்கவில்லை. ‘உடம்புக்குள்ளே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதானே அம்மா சந்நிதிக்கே வருகிறோம். நாற்காலியைப் பின்னே வையுங்கள், மணலை முன்னே வையுங்கள்’ என்றார்.

மாசியில் சிவராத்திரிக் கூட்டம் ஓய்ந்தபின் புறப்பட்டோம். தொண்டியை மௌனமாகக் கடந்தோம். சேதுவில் சங்கற்பம் செய்து எடுத்த மணல் செம்புக்குள் முன் இருக்கையில் என் மடியில் அமர்ந்தது. பின்னர் மதுரை வழியாக வடக்கே போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை. அது ஒரு தீர்த்த யாத்திரை என்பதை வரைபடத்தில் நான் உணர்ந்திருக்கவில்லை. வேலூர்ப் பாலத்தில் காவிரி (நாமக்கல் பக்கத்து வேலூர்), கர்நூலில் துங்கபத்திரை, பீச்சுபள்ளியில் கிருஷ்ணை, நிர்மல் அருகே கோதாவரி, பின் ஜபல்பூரில் நர்மதை. ஒவ்வோர் ஆற்றங்கரையிலும் நின்றோம். அக்கா ஒவ்வொரு நீரையும் தலையில் தெளித்துக்கொண்டு, குடுவையிலிருந்து ஒரு செம்பு குடிநீரும் குடித்தார். அவர் குடிப்பதை என் மனைவி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாகபுரிக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காட்டுப் பகுதியில் சாலையை உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி ஓரிரவு பெட்ரோல் நிலையமொன்றில் லாரிகளுக்கு நடுவே தங்கினோம். ஆண்கள் பக்கத்துத் தாபாவின் கயிற்றுக்கட்டிலில் படுத்தோம். பெண்கள் வண்டிக்குள். நள்ளிரவில் கூடாரம் ‘சடக்’கென்று விரியும் ஓசை கேட்டது. ஒரு லாரி ஓட்டுநர் எழுந்து என்னவென்று பார்த்தார். வண்டியின் எண் பலகையில் ‘பி.ஒய். 02’ என்றிருப்பதைப் படித்துவிட்டு, எந்த ஊர் என்று கைச்சாடையால் கேட்டார். காரைக்கால் என்றேன். புரிந்ததோ இல்லையோ, கும்பிட்டுவிட்டு முகத்தை மறுபுறம் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

பிரயாகையில் படகேறி நடு நீரில் மணலைக் கரைத்தோம். அக்கா அழவில்லை. அத்தானின் பெயரை மூன்று முறை சொன்னார். காசியில் கோயில் அருகே வண்டி போக முடியாது. சக்கர நாற்காலியில் வைத்துத்தான் கூட்டிப் போனோம். விசுவநாதரைத் தரிசித்தது ஒரு கணமே இருக்கும். அதைப் பற்றி எழுத எனக்குச் சொல் இல்லை. ‘அம்மை தலையால் நடந்து போனாள், நான் நாற்காலியும் கையுமாக வந்திருக்கிறேன் பார்’ என்று அன்றிரவு அக்கா சிரித்தபோது, அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

கங்கை நீரை இராமேசுவரத்தில் சேர்ப்பித்து ஊர் திரும்பிய மறுவாரம், எதிர்வீட்டு ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் மாங்கனித் திருவிழாவைப் பற்றிப் பேசிவிட்டு, எழும்போது என் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அன்று போன நாற்காலி திருவண்ணாமலைக்குப் போய்வந்தது. அதன்பின் பழனி, இப்போது திருச்செந்தூர். யார், எந்தத் தேதி என்று அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். அதை நான் திறந்து பார்க்கக் கூடாது என்பது கட்டளை. மரத்தூள் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.